ஆற்றுக்கு அந்தப் பக்கம் மதியச் சாப்பாடு

காவல்துறையை மக்களுக்கு இன்னும் அருகில் கொண்டுவரப் போவதாக ஸ்டாக்ஹோமில் முடிவு செய்தார்கள். அதன் முதல் நடவடிக்கையாக எங்கள் கட்டுப்பாட்டு அறையை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள்.

பழைய மாவட்ட அமைப்புகளை எல்லாம் கலைத்துவிட்டு, நாட்டைப் புதிதாக ஐந்து பிரிவுகளாக்கினார்கள். எல்லைக் கோடுகளை எப்படிப் போட்டார்கள் என்பது ரகசியம் ஒன்றும் இல்லை. வரைபடத்தில் எது தடிமனான நீலமாகத் தெரிந்ததோ அதன்மேல் பேனாவை இழுத்தார்கள். எங்கள் ஊர் டால்னேஸ், லூவான் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. ஆகவே நாங்கள் மூன்றாம் பிரிவு. பாலத்தைத் தாண்டினால் நான்காம் பிரிவு. விளக்கக் கூட்டத்தில் கையைத் தூக்கி, ஆற்றில் இருக்கும் சால்மன் மீன்கள் எந்தப் பிரிவில் வரும் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்கள். இன்னும் பதில் வரவில்லை.

டால்னேஸ் காவல் நிலையத்தில் இரண்டே பேர். ரூனெ ஹேட்மனும் நானும். ஒரு காலத்தில் கட்டடம் முழுக்கப் போலீஸ் இருந்ததாம். இப்போது எங்களுக்கு இரண்டு அறை. மீதியில் ஒரு அம்மா பாத சிகிச்சை நிலையம் நடத்துகிறாள். எங்களைத் தேடி வருவதைவிட அவளைத் தேடித்தான் ஜனம் அதிகம் வருகிறது. காலில் ஆணி இல்லாத ஆளே எங்கள் ஊரில் கிடையாது. குற்றம் செய்யத்தான் ஆளில்லை.

ரூனெவுக்கு அறுபது நெருங்குகிறது. கதவை நிறைக்கிற உடம்பு. பேச்சை மட்டும் ரேஷனில் வாங்கியவர் மாதிரி செலவழிப்பார். மனைவி அவரை விட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. செத்துப் போகவில்லை, ஸ்பெயினுக்குப் போனாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு கடற்கரைப் படம் அனுப்புவாள். அவர் அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைப்பார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அதன்மேலேயே அடுத்ததை ஒட்டுவார்.

எங்கள் பக்கத்தில் யாரும் 'ஆமாம்' என்று சொல்வதில்லை. உதட்டைக் குவித்து 'ஷ்ஷுப்' என்று காற்றை உள்ளே இழுப்போம். அவ்வளவுதான். ரூனெ அதையும் சிக்கனமாகத்தான் இழுப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் தினமும் ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஆள் பற்றாக்குறையால் ஆளுக்கொரு வண்டியில் தனித்தனியாகத்தான் ரோந்து போவோம். தனியாகப் போகிறவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் மணிக்கு ஒரு தடவை கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறாயா என்று விசாரிப்பது பழைய வழக்கம். எங்களை விசாரித்தவள் குன்வொர். தெற்கே கடலோர நகரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரூனெ வண்டியில் போகும்போது முதன்முதலாகக் கேட்டது இதைத்தான்:

"டால்னேஸ் வண்டி, எல்லாம் சரியா?"

ஷ்ஷுப்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்."

"என்னது?"

"பால்ட்டு."

பால்ட் என்பது உள்ளே பன்றிக்கறி வைத்த உருளைக்கிழங்கு உருண்டை. ஒன்று தின்றால் தூக்கம் வரும், இரண்டு தின்றால் ராஜினாமா செய்யத் தோன்றும்.

"நேத்தும் அதுதானய்யா சொன்ன?"

"நேத்து வேகவச்சது. இன்னிக்கு வெண்ணெயில வறுத்தது."

"ஜாம் இருக்கா?"

"தீந்துபோச்சு."

"ஜாம் இல்லாமலா திங்கற? கர்மம். போறப்ப கடையில வாங்கிட்டுப் போ. மறந்துராத."

ஷ்ஷுப்.

இது எல்லா வண்டிகளுக்கும் கேட்கும் அலைவரிசை. ரூனெ வீட்டில் ஜாம் தீர்ந்தது மாகாணத்தின் பாதிக்குத் தெரியும். யாரும் கிண்டல் செய்ததில்லை. பதினைந்து வருஷமாக இப்படியே நடந்திருக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஆறு எல்லையானபோது குன்வொர் நான்காம் பிரிவுக்குப் போய்விட்டாள். நாங்கள் மூன்றாம் பிரிவின் புதிய கட்டுப்பாட்டு மையத்துக்குக் கீழே வந்தோம். அங்கே யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. வண்டியின் திரையில் மணிக்கு ஒருமுறை ஒரு பச்சைப் பொத்தான் மினுக்கும். உயிரோடு இருப்பவர்கள் அதை அமுக்க வேண்டும். 'ஒரு விரலசைவில் பாதுகாப்பு' என்று பயிற்சிப் படமெல்லாம் காட்டினார்கள். படத்தில் ஒரு பெண் போலீஸ் சிரித்துக்கொண்டே அமுக்கினாள். அவ்வளவு மகிழ்ச்சியாக எந்தப் போலீஸும் எதையும் அமுக்கி நான் பார்த்ததில்லை.

ரூனெ முதல் வாரம் ஒழுங்காக அமுக்கினார். இரண்டாவது வாரம் வேண்டுமென்றே விட்டுவிட்டார். மையத்திலிருந்து ஒரு இளம் குரல் வந்தது. பெயர் ஹம்புஸ். தென்கோடிக்காரன் என்று முதல் சொல்லிலேயே தெரிந்தது. ரூனெ வண்டிக்கு அவனிடம் பெயர் இல்லை, எண்தான்.

"மூன்று எழுபது, பொத்தான் அமுக்கப்படல. நல்லா இருக்கியா?"

ஷ்ஷுப்.

"ஹலோ? நான் பேசறது கேக்குதா?"

ஷ்ஷுப்.

"மூச்சு விட முடியுதா உனக்கு?"

ஷ்ஷுப்.

சிறிது நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதில் வந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். கண்ணாடியைத் தட்டி, "ரூனெ, நல்லாத்தான இருக்க?" என்றார்கள். ஷ்ஷுப். திரும்பிப் போய்விட்டார்கள். மறுநாள் மையத்திலிருந்து எல்லோருக்கும் சுற்றறிக்கை வந்தது: பணியாளர்கள் கேள்விகளுக்குக் காற்றை வெளியே விட்டுப் பதிலளிக்கவும்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ரூனெ சிரிக்கவில்லை. அந்த வாரங்களில் அவர் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நிலையத்துக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே அடுப்பு இருக்கிறது, மேஜை இருக்கிறது, நான் இருக்கிறேன். ஆனாலும் வண்டியில்தான். ரேடியோ சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்திருப்பார். அதில் ஒன்றும் வராது. பாத சிகிச்சைக்கு வருகிறவர்கள் நொண்டிக்கொண்டே அவரைக் கடந்து போவார்கள். பச்சைப் பொத்தான் மினுக்கும்போது கரண்டிப் பின்புறத்தால் அமுக்குவார்.

ஒரு நாள் ஒரு குதிரை ஓடிப்போனது. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

குதிரைக்கு எல்லைக் கோடு தெரியாது. பாலத்தில் ஏறி ஓடிற்று. ரூனெ வண்டியில் பின்னாலேயே போனார். பாலத்தின் நடுவில் திரை ஒரு தடவை அணைந்து எரிந்தது. மூன்று இருந்த இடத்தில் நான்கு வந்தது. ரேடியோ கரகரத்தது.

"யார்ரா இது புது வண்டி... டால்னேஸா? ரூனெ, நீயா?"

நான் என் வண்டியில் இந்தக் கரையில் நின்றிருந்ததால் எதுவும் கேட்கவில்லை. பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். அவர் சொன்னது மொத்தம் நாலு வார்த்தை: "பாலம் தாண்டினா அவ வர்றா." மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். குதிரை தானாகவே வீட்டுக்குத் திரும்பிவிட்டது. அதை அப்புறம் யாரும் விசாரிக்கவில்லை.

அன்றிலிருந்து மதியமானால் ரூனெ டப்பாவை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டுவார். அந்தக் கரையில் மரக்கட்டை ஏற்றும் லாரிகள் திரும்ப ஒரு சரளைத் திடல் உண்டு. அங்கே போய் ஆற்றைப் பார்த்து வண்டியை நிறுத்துவார்; குன்வொரின் திரையில் அது தினமும் ஒரே இடத்தில் ஒரு புள்ளி. திரும்பி வரும்போது முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இருக்காது. ஆனால் ஒருநாள் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். நான் பயந்துபோனேன்.

"ரூனெ, ஒண்ணு கேக்கவா?"

ஷ்ஷுப்.

"குன்வொர் நம்பர் வலைத்தளத்துலயே கிடக்குமே. நாட்டுல எல்லார் நம்பரும் கிடக்கு."

"கிடக்கு."

"பாத்திருக்கியா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஷ்ஷுப்.

"அப்புறம் என்ன? போன் பண்ண வேண்டியதுதான?"

"பண்ணி?"

"பேசு."

"என்ன விஷயமா, தம்பி?"

எங்கள் ஊரில் விஷயம் இல்லாமல் ஒருவருக்குப் போன் பண்ணினால் யாரோ செத்துப் போனதாக நினைப்பார்கள். ரேடியோ என்றால் அது வேலை. வேலைக்கு இடையில் ஜாம் வரலாம். ஜாமுக்காகவே ஒருத்தியைக் கூப்பிடுவது என்றால், அது வேறு. அதற்கு அப்புறம் என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அனேகமாக மாகாணத்திலேயே யாருக்கும் தெரியாது.

ஆறேழு வாரம் நன்றாகப் போயிற்று. பிறகு மூன்றாம் பிரிவின் தலைவி பெர்னில்லா காணொளியில் வந்தாள். நல்ல மனுஷிதான். பின்னால் சுவரில் ஐந்து வட்டங்கள் ஒன்றோடொன்று கைகோத்திருக்கும் படம் ஒன்று மாட்டியிருந்தது.

"ரூனெ, உன் வண்டி தினமும் மத்தியானம் நம்ம பிரிவை விட்டு வெளிய போகுது."

ஷ்ஷுப்.

"எதுக்கு?"

"சாப்பிட."

"ஏன், இந்தக் கரையில சாப்பிட முடியாதா?"

ரூனெ யோசித்தார். பெர்னில்லா திரையில் உறைந்துவிட்டாள் என்று நினைத்து நான் இணைப்புக் கம்பியை ஆட்டிப் பார்த்தேன்.

"முடியுது," என்றார் கடைசியில். "இறங்க மாட்டேங்குது."

அவள் எதையோ எழுதிக்கொண்டாள். இணைப்பு துண்டானதும் ரூனெ தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிறுத்திருவாங்க," என்றார். கேள்வியா முடிவா என்று தெரியாத குரல். நான் ஏதாவது கிண்டலாகச் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் என் வேலை. எழுந்து போய் அவருக்குக் காப்பி போட்டேன்.

ஆனால் நிறுத்தவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார்கள். பாராட்டினார்கள்.

நான்காம் பிரிவின் கணக்குப்படி தென்கரையில் போலீஸ் நடமாட்டம் பல மடங்கு உயர்ந்திருந்ததாம். அதற்கு முன்னால் அங்கே போலீஸே கிடையாது. பூஜ்யத்திலிருந்து எங்கே போனாலும் ஏற்றம்தானே? ரூனெவின் சாப்பாட்டு டப்பா நாட்டின் முதல் 'பிரிவுகளுக்கிடையிலான மதிய உரையாடல்' ஆயிற்று. அதற்கு ஒரு திட்ட மேலாளர் வந்தான். சின்னம் ஒன்று வரைந்தார்கள்: பாலத்தின்மேல் ஒரு முள்கரண்டி.

முதல் அதிகாரபூர்வ உரையாடலை நிலையத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன். இரு பிரிவுகளிலிருந்தும் பத்துப் பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இணைப்பில் இருந்தார்கள். குன்வொரின் குரல் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்திருந்தது.

"டால்னேஸ் வண்டி. முதல் கேள்வி. இரு பிரிவுகளுக்கும் இடையிலான தகவல் பரிமாற்றத்தை, ஒன்று முதல் ஐந்து வரை, எவ்வாறு மதிப்பிடுகிறாய்?"

"மூணு."

"இரண்டாம் கேள்வி. இந்த ஒத்துழைப்பில் மேலும் வலுப்படுத்த வேண்டிய..." நின்றாள். பிறகு ஒரே மூச்சில், "ஜாம் இருக்கா?"

யாரோ இருமினார்கள். "குன்வொர், அது நம்ம கேள்விகள்ல இல்லையே," என்றது ஒரு மரியாதையான ஆண் குரல்.

"இல்ல," என்றாள் குன்வொர். "மன்னிக்கணும்."

ரூனெ காற்றுகூட இழுக்கவில்லை.

சோதனை முயற்சி மகத்தான வெற்றி பெற்றுவிட்டதால் அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார்கள். இனி உரையாடலுக்காக யாரும் பாலம் தாண்டி டீசல் செலவழிக்க வேண்டாம்; மாதம் ஒருமுறை கணினியில் கேள்விகளுக்குப் பதில் அனுப்பினால் போதும். கூடவே ஒரு தொழில்நுட்ப முன்னேற்றம்: வண்டி எந்தக் கரைக்குப் போனாலும் ரேடியோ சொந்தப் பிரிவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ரூனெ நம்பவில்லை. மறுநாளும் டப்பாவோடு பாலம் தாண்டினார். நான் இந்தக் கரையிலிருந்து பார்த்தேன். திடலில் வண்டி நின்றது. என் ரேடியோவில் அவர் குரல் கேட்டது. அப்போதே புரிந்துவிட்டது, எனக்குக் கேட்கிறதென்றால் அது மூன்றாம் பிரிவுதான்.

"டால்னேஸ் வண்டி," என்றார். அவராக முதலில் பேசியது அதுதான் முதல் தடவை.

"சொல்லு மூன்று எழுபது," என்றான் ஹம்புஸ். "ஏதாவது பிரச்சினையா?"

ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றார் ரூனெ.

அதற்கப்புறமும் அவர் போவதை நிறுத்தவில்லை. குரல் இல்லை என்று தெரிந்தும் தினம் போய் அதே திடலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். டப்பா பாதி மிச்சத்தோடு திரும்பி வரும். ஓய்வு பெறுவதற்கான வழிமுறைகளை ஒரு நாள் திரையில் படித்துக்கொண்டிருந்தார். நான் அறைக்குள் வந்ததும் வானிலைப் பக்கத்துக்கு மாற்றினார், ஏதோ அசிங்கமான படம் பார்த்தவர் மாதிரி.

அக்டோபரில் என் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் அன்று ரூனெ வண்டியில் நானும் போனேன். தூறல். பாலத்தைத் தாண்டினால் எங்கள் திடலில் ஏற்கெனவே ஒரு சிவப்பு வால்வோ நின்றிருந்தது. பழசு. பின்கண்ணாடியில் துடைப்பான் ஓடிக்கொண்டே இருந்தது.

"யாரோ வழி தவறி வந்திருக்காங்க," என்றேன்.

கதவு திறந்து ஒரு பெண்மணி இறங்கினாள். குட்டையான உருவம், பச்சை மழைச்சட்டை, கையில் துணி சுற்றிய ஒரு ஜாடி. எங்கள் வண்டி எண்ணைப் பார்த்தாள். பிறகு ரூனெவைப் பார்த்தாள். ரூனெ இறங்கினார். நானும் இறங்கினேன், இறங்கியிருக்கக் கூடாது.

"ஹேய்," என்றாள்.

"ஹேய்," என்றார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தக் குரல்தான். குரல் மட்டும் பெரியது, ஆள் இவ்வளவுதான்.

மூவரும் ஆற்றைப் பார்த்தோம்.

"தண்ணி ஜாஸ்தியா போகுது," என்றாள் குன்வொர்.

ஷ்ஷுப்.

"நீ ஒல்லியா இருப்பேன்னு நினைச்சேன்."

"இல்ல," என்றார் ரூனெ.

"ஆமா. இல்ல."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவருக்குக் கழுத்து சிவந்துபோயிற்று. அவள் ஜாடியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். அலைவரிசையில் மாகாணமே கேட்க வாயாடியவர்கள், நான் ஒரு பொடியன் பக்கத்தில் நிற்கிறேன் என்று இப்படி ஊமையாகிவிட்டார்களா, அல்லது முகம் என்று ஒன்று இருப்பதாலா, தெரியவில்லை. நான் என் பூட்ஸைப் பார்த்தேன். பதினைந்து வருஷப் பேச்சு முடிந்துபோவதற்குப் பக்கத்தில் நிற்பது அவ்வளவு சங்கடமான விஷயம்.

குன்வொர் ஜாடியை எங்கள் வண்டியின் முன்பக்கத்தின்மேல் வைத்தாள். "லிங்கன்பெரி ஜாம்," என்றாள். "பழம் நானே பறிச்சது." திரும்பி நடந்து தன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரூனெவும் வந்து ஏறினார். நானும் ஏறினேன். ஜாடியை மடியில் வைத்துக்கொண்டார். கிளம்புவார் என்று நினைத்தேன். சாவியைத் தொடவில்லை. பக்கத்தில் வால்வோவும் நகரவில்லை. கண்ணாடியில் தூறல் வழிந்தது. திரையில் பச்சைப் பொத்தான் மினுக்க ஆரம்பித்தது.

அப்போது அவர் கைபேசி அடித்தது. அது அடித்து நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டதில்லை போல, எங்கிருந்து வருகிறது என்று தேடினார். பேர் வந்தது: குன்வொர். ஆக நம்பரைச் சேமித்தே வைத்திருக்கிறார், கள்ளன்.

"டால்னேஸ் வண்டி," என்றது கைபேசி. நான்கு அடி தூரத்தில், பக்கத்து வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால், அவள் நேராகப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பொத்தான அமுக்கிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப யாராவது விசாரிக்கணும்ல. அதான் கூப்பிட்டேன். எல்லாம் சரியா?"

ரூனெ ஆற்றைப் பார்த்தார். உதட்டைக் குவித்தார்.

ஷ்ஷுப்.

"என்ன சாப்பாடு?"

"பால்ட்டு."

"வேகவச்சதா, வறுத்ததா?"

"வறுத்தது. நீ?"

பதினைந்து வருஷத்தில் அவர் திருப்பிக் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். மறுபக்கம் அவள் ஆரம்பித்தாள்: வீட்டில் ஒரு ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பதிலிருந்து.

நான் சத்தமில்லாமல் இறங்கி மழையில் நின்றேன். பாலத்தின் கைப்பிடிவரை நடந்தேன். அங்கிருந்து பார்த்தால் இரண்டு வண்டிகள், இரண்டு பேர், காதில் ஆளுக்கொரு கைபேசி. ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. ரூனெ ஜாடியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

தோளில் இருந்த என் ரேடியோ கரகரத்தது.

"மூன்று எழுபது பொத்தான் அமுக்கல," என்றான் ஹம்புஸ். "கூப்பிட்டாலும் பதில் இல்ல. நீ பக்கத்துலதான இருக்க? அவன் நல்லா இருக்கானா?"

ஷ்ஷுப்.

நான் மறந்துபோய் அப்படிச் செய்துவிட்டேன். ஆம்புலன்ஸ் வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் ஹம்புஸ், "சரி, குறிச்சுக்கறேன்," என்று மட்டும் சொன்னான். பழகிவிட்டான் போல. இணைப்பைத் துண்டிக்காமல் கொஞ்ச நேரம் இருந்தான். அவன் பக்கத்தில் எந்தச் சத்தமும் இல்லை. ஒரு பெரிய அறையும், அதில் ஒரே ஒரு நாற்காலியும் கேட்டது.

"ஹம்புஸ்," என்றேன். "சாப்பிட்டியா?"

"என்ன?"

"மத்தியானம். என்ன சாப்பிட்ட?"

நாற்காலி கிரீச்சிட்டது.

"இது பணி சம்பந்தமான கேள்வியா?" என்றான்.

"ஆமா," என்றேன், காற்றை வெளியே விட்டு, தெளிவாக.

"சாண்ட்விச்," என்றான் ஹம்புஸ். கொஞ்சம் பொறுத்து, "சீஸ் வச்சது."

"வெறும் சீஸ் மட்டுமா?"

"வெள்ளரிக்காய் இருந்துச்சு," என்றான். "தீந்துபோச்சு."